ஆயில் மூடியில் வெள்ளை

காரின் இஞ்சினுக்கு மேலே ஆயில் ஊற்றுவதற்கென்று ஒரு கறுப்பு மூடி இருக்கும். திருகி எடுத்தால் உள்பக்கம் பழுப்பாக ஆயில் பிசுக்கு ஒட்டியிருக்க வேண்டும், அவ்வளவுதான். போன மார்கழியில் ஒரு வியாழக்கிழமை காலை நான் எடுத்துப் பார்த்தபோது அதில் வெண்ணெய் ஒட்டியிருந்தது. நிஜமாகவே வெண்ணெய்தான். மோரில் திரண்டதுபோல வெளுப்பாக, கொழகொழவென்று விரலில் வந்தது. முகர்ந்து பார்த்தேன். பெட்ரோல் வாடை அடித்தது.

ஒரு மாதமாகவே வண்டி முரண்டு பிடித்துக்கொண்டிருந்தது. சாவியைத் திருப்பினால் மூன்று தரம் இருமி நான்காவது தரம்தான் எழும். எழுந்ததும் குளிர்ஜுரம் வந்தமாதிரி உதறும். பின்னால் வெள்ளையாகப் புகை தள்ளும். நாமே பார்த்துவிடலாம் என்று பானெட்டைத் தூக்கி, கைக்கு எட்டிய மூடியையெல்லாம் திறந்து பார்த்ததில்தான் இது அகப்பட்டது.

போனில் தேடினேன். தேடியிருக்கக் கூடாது. இஞ்சினுக்குள் தண்ணீர் ஒரு வழியாகவும் ஆயில் ஒரு வழியாகவும் போகுமாம். இரண்டுக்கும் நடுவே ஹெட் கேஸ்கெட் என்று ஒரு தகடு. அது போய்விட்டால் தண்ணீர் ஆயிலில் கலந்து இப்படித்தான் வெண்ணெயாகுமாம். ஒரு வீடியோவில் ஒருவர் மூடியைத் தூக்கிக் காட்டி, “இதைப் பார்த்தீங்கன்னா வண்டிய மறந்துடுங்க” என்று சிரித்தார். அவர் சிரித்ததற்கு அந்த போனையே வீசியிருப்பேன். ஒரே போன்தான் என்பதால் விட்டுவிட்டேன்.

நானும் குறை கண்டுபிடித்தே சம்பளம் வாங்கியவள்தான். பெங்களூரில் ஒரு துணிக் கம்பெனியில் இருபத்தாறு வருஷம் தைத்த சட்டைகளைச் சோதித்துப் பார்க்கும் வேலை. ஒரு தையல் விட்டிருந்தால் மூன்று மேஜைக்கு அப்பாலிருந்தே சொல்லிவிடுவேன். விடியற்காலை ரயிலில் எங்கள் ஊர் கோரமண்டல் ஸ்டேஷனில் ஏறி, இருட்டியபின் அதே கோரமண்டலில் இறங்குவேன். எங்கள் ஊரில் பாதிப் பேருக்குப் பிழைப்பே அந்த ரயில்தான். எங்கள் பெட்டியில் கீரை ஆய்ந்தோம், பூக்கட்டினோம், ஒருத்திக்கு வளைகாப்பே செய்தோம். ஆயுத பூஜைக்குக் கதவில் வாழைக்கன்று கட்டி, பொரிகடலை கொடுத்தோம். ஓய்வு பெற்றேன். மாலை போட்டு அனுப்பினார்கள். அதோடு அத்தனை பேரும் போனில் காலை வணக்கம் சொல்லும் ரோஜாப்பூ படங்களாகிவிட்டார்கள்.

கணவர் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. ஒரே மகன் பெங்களூரில் இருக்கிறான். ஓய்வு பெற்ற கையோடு ராபர்ட்சன்பேட்டையில் டிரைவிங் கற்றுக்கொண்டு, இந்தச் சின்னக் காரைப் பழைய வண்டியாக வாங்கினேன். “ஒரே ஓனர்மா, டாக்டர் ஓட்டின வண்டி” என்றார் விற்றவர். இந்த நாட்டில் விற்கிற பழைய கார்களையெல்லாம் எண்ணினால் நோயாளிகளைவிட டாக்டர்கள்தான் அதிகம் இருப்பார்கள். இருந்தாலும் நம்பினேன். எங்கள் லைன் வீடுகளில் எல்லோரும் கேட்டார்கள், இந்த வயசில் எதுக்குக் கார் என்று. “இனிமே ரயிலை நம்பிக்கினு இருக்க வேணாம். நெனச்சா மகன் வீட்டுக்குப் போயிடுவேன்” என்றேன். அப்போது அது பொய் இல்லை.

சித்திரையில் முதல் ஞாயிற்றுக்கிழமை போனேன். லாரிகளுக்கெல்லாம் வழிவிட்டு வழிவிட்டு மூன்றரை மணி நேரம் ஓட்டினேன். அடுக்குமாடி வாசலில் காவலாளி நிறுத்தினார். வெளியாட்கள் வண்டிக்கு உள்ளே இடமில்லை என்றார். தெருவில் விட்டுவிட்டு மேலே போனால் மகன் வீட்டில் அவன் ஆபீஸ்காரர்கள் எட்டுப் பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மருமகள் நல்ல பெண்தான், தட்டு போட்டுக் கொடுத்தாள். படுக்கையறையில் உட்கார்ந்து சாப்பிட்டேன். கிளம்பும்போது மகன் லிஃப்ட் வரைக்கும் வந்து, “அடுத்த தடவ ஒரு போன் பண்ணிட்டு வாம்மா” என்றான்.

அவன் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. எனக்கே தெரியும். ஆனால் திரும்பி வரும் வழியெல்லாம் அதையே மென்றுகொண்டு வந்தேன். பெற்றவள் முன்பதிவு செய்துகொண்டு வரவேண்டுமாம். எனக்குக் கோபம் வந்தால் சீக்கிரத்தில் இறங்காது. வீட்டுக்கு வந்தால் பக்கத்து வீட்டுக்காரி வாசலிலேயே நின்றிருந்தாள். “இன்னாக்கா, மகன் இன்னா சொல்றாரு?” என்றாள். “வாரா வாரம் வந்தே ஆவணும்னு ஒரே அடம்” என்றேன்.

ஒரு பொய்யை மறைக்க ஒன்பது பொய் என்பார்கள். எனக்கு முப்பது தேவைப்பட்டது. லைன் வீடு என்றால் ஒரே கூரையின் கீழ் வரிசையாகத் தடுத்த வீடுகள். முதல் வீட்டில் தும்மினால் நான்காம் வீட்டில் நூறு வயசு என்று வாழ்த்துவார்கள். அங்கே வாய்ப்பொய் மட்டும் போதாது, நடித்துக் காட்ட வேண்டும். அதனால் ஞாயிறுதோறும் காலை எட்டு மணிக்கு நல்ல புடவை கட்டிக்கொண்டு, எல்லோரும் பார்க்க வண்டியை எடுப்பேன். இரண்டரை கிலோமீட்டர் போவேன். தங்கம் எடுத்தபின் மிஞ்சிய சுரங்கத்து மண்ணைக் கொட்டிக் கொட்டி மலையாகிப்போன சயனைடு மேட்டுக்குப் பின்னால் ஆளரவமற்ற ஒரு பாதை உண்டு. அங்கே தைல மரங்களின் நிழலில் நிறுத்திக்கொள்வேன். தயிர்சாதம் சாப்பிடுவேன். பேப்பரில் வரி விளம்பரம்வரை படிப்பேன். தூங்குவேன். ஐந்து மணிக்கு மேல் வீட்டுக்கு வருவேன்.

வரும்போது வெறுங்கையோடு வர முடியுமா? சனிக்கிழமையே ராபர்ட்சன்பேட்டை பேக்கரியில் தேங்காய் பன் வாங்கி, பெங்களூர்க் கடை ஒன்றின் பழைய பையில் போட்டு வைத்துக்கொள்வேன். பக்கத்து வீட்டுக்காரி ஒரு வாய் கடித்துவிட்டு, “இன்னா இருந்தாலும் பெங்களூரு பெங்களூருதாங்க்கா, நம்ம ஊர்ல இந்த ருசி வருமா?” என்பாள். சிரிப்பு வரும். சிரித்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினால் அந்தச் சிரிப்பு அங்கேயே நின்றுவிடும். மகன் போன் செய்து இந்த வாரம் வாம்மா என்றால், “இங்க எனக்கு ஆயிரம் வேலை” என்பேன்.

வாரநாட்களிலும் வண்டி சும்மா இருக்கவில்லை. இருபத்தாறு வருஷப் பழக்கம், விடிவதற்கு முன்பே விழிப்பு வந்துவிடும். படுத்துக் கிடக்கப் பிடிக்காமல் ஒன்றரை கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு கோரமண்டல் ஸ்டேஷனுக்குப் போவேன். எங்கள் பெட்டி வந்து நின்று போவதை வெளியே காருக்குள் இருந்தபடியே பார்ப்பேன். போய்ப் பேச வேண்டும் என்று தோன்றும். கையில் டிபன் பாக்ஸ் இல்லாமல் அந்த நேரத்தில் பிளாட்பாரத்தில் நிற்கக் கூச்சமாக இருக்கும். ரயில் போனதும் திரும்பிவிடுவேன்.

வெண்ணெயைப் பார்த்த மறுநாள் வண்டியை மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். ஆண்டர்சன்பேட்டைப் பக்கம் ஒரு தகரக் கொட்டகை. நாற்பது நாற்பத்திரண்டு வயசு இருக்கும் அவனுக்கு. வண்டி வாங்கிய புதிதில் வைகாசியில் ஆயில் மாற்றித் தந்தவன் அவன்தான். எடுத்த எடுப்பில் ஸ்பேனரைத் தூக்குகிற ஆள் இல்லை. முதலில் கேள்வி கேட்பான், டாக்டர் கேட்கிற மாதிரி.

“காலைல மட்டும் இருமுதா, மத்தியானமும் இருமுதா?”

“காலையில.”

“பொகை கொஞ்ச நேரத்துல நிக்குதா, இல்ல தள்ளிக்கினே இருக்குதா?”

எனக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரத்துக்கு மேல் நான் ஓட்டினதே இல்லையே. “தள்ளிக்கிட்டே இருக்கு” என்று சொல்லி வைத்தேன்.

“வண்டி எங்கெங்க போவுதும்மா?”

“வாரா வாரம் பெங்களூர். மகன் வீட்டுக்கு.”

கொட்டகையில் அப்போது வேறு யாரும் இல்லை. உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அவன் வீடு எங்கள் லைனுக்கு இரண்டு லைன் தள்ளித்தான். சாயந்திரத்துக்குள் பன் கதைவரைக்கும் போய்விடும். வக்கீலிடமும் வைத்தியனிடமும் பொய் சொல்லாதே என்று சொல்லி வைத்தவர்கள் மெக்கானிக்கை விட்டுவிட்டார்கள், நான் என்ன செய்வது?

அவன் ஒவ்வொன்றாகப் பார்த்தான். ஆயில் அளக்கும் குச்சியை உருவினான். ஆயில் நிறம் நன்றாகவே இருந்தது. ரேடியேட்டரில் தண்ணீர் ஒரு சொட்டுக் குறையவில்லை. மூடியைத் திறந்துவைத்து இஞ்சினை ஓடவிட்டு, தண்ணீரில் குமிழி வருகிறதா என்று குனிந்து பார்த்தான். வரவில்லை. பிளக்கைக் கழற்றினான். அடுப்புக்கரியாக இருந்தது.

“கேஸ்கெட் போயிருந்தா தண்ணி கொறையணும். கொறையல. ஊருக்குள்ளயே சுத்தற வண்டின்னா பிளக்கு இப்பிடி கருக்கும், மூடில வெள்ள கட்டும். ஆனா வாரா வாரம் ஹைவேல எரநூறு கிலோமீட்டர் போற வண்டிக்கு இதெல்லாம் வரக்கூடாதே. ஒண்ணு சொல்றத இன்னொண்ணு ஒத்துக்க மாட்டேங்குதும்மா” என்றான்.

அவன் காரின் கதவைத் திறந்து, கதவோரத்தில் அவனே ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தான். வைகாசியில் ஆயில் மாற்றியபோது வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியிருந்தது என்று அதில் எழுதியிருந்தான். பிறகு மீட்டரைப் பார்த்தான். விரல்விட்டுக் கணக்குப் போட்டான்.

“ஏழு மாசத்துல எழுநூறு கூட ஓடல. மீட்டர் கெட்டுப்போச்சாம்மா?”

அவன் கிண்டலாகக் கேட்கவில்லை. நான் பொய் சொல்வேன் என்று நினைக்கிற ஆளாக இருந்தால்தானே கிண்டல் செய்வான்? “ஆமாம்ப்பா. நின்னு நின்னு ஓடுது” என்றேன்.

அவன் தலையாட்டிக்கொண்டு ஒரு முடிவுக்கு வந்தான். உள்ளே எங்கேயோ தகடு லேசாக விட்டிருக்கிறது, பிஸ்டன் ரிங்கும் தேய்ந்திருக்கும், இஞ்சினின் மேல்பாகமான ஹெட்டை அவிழ்த்துத்தான் பார்க்க வேண்டும். “திங்கக்கிழம அவுத்துடறேன். ஆனா ஒண்ணு சொல்லிடறேம்மா. பழைய இஞ்சின். ஒரு தரம் அவுத்தா பழைய மாதிரி உக்காரும்னு நான் வாக்கு குடுக்க மாட்டேன். உள்ள இன்னும் இன்னா கீதோ. வேலைக்கு ஆவலன்னா எடைக்குத்தான் போவும்.” நான் சொன்ன ஒவ்வொரு பொய்க்கும் வண்டிக்கு ஒவ்வொரு நோய் கூடியது. வண்டியைக் கொட்டகை வாசலிலேயே விட்டுவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்தேன்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் வீட்டில் இருந்தேன். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, வண்டி இல்லையே, இன்னிக்கு மகன் வீட்டுக்குப் போகலையா என்றாள். வண்டி சர்வீசுக்கு விட்டிருக்கிறேன் என்றேன். ரயிலில் போகலாமே என்றாள். தலைவலி என்றேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்த வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தபோது ஒன்று புரிந்தது. மேட்டுக்குப் பின்னால் காருக்குள் உட்கார்ந்திருந்ததும் தனிமைதான், ஆனால் அங்கே வெளியே வந்திருக்கிறேன் என்ற எண்ணமாவது இருந்தது. ஸ்டியரிங் பிடித்தால் எங்கேயோ போகிறவள் மாதிரி எனக்கே தோன்றும். வண்டி போய்விட்டால் அதுவும் இல்லை. வாயைத் திறந்து உண்மையைச் சொன்னால் வண்டி பிழைக்கலாம், என் மானம் போய்விடும். சொல்லாவிட்டால் நல்ல இஞ்சினை நானே பிரித்துப் போட்டவள் ஆவேன். எனக்கு அழுகை வந்தது. சத்தம் சுவர் தாண்டிப் போகும் என்று டிவியைப் போட்டுக்கொண்டு அழுதேன்.

திங்கட்கிழமை காலையில் நான் கொட்டகைக்குப் போனபோது அவன் பிளக் வயர்களை உருவிக் கட்டி வைத்துவிட்டு, இஞ்சின் மேலே உள்ள கவரின் போல்ட்டில் ஸ்பேனரை மாட்டியிருந்தான். ஒரு போல்ட் ஏற்கனவே கழன்று துணிமேல் கிடந்தது.

“தம்பி, ஸ்பேனரைக் கீழ வை.”

“இன்னாம்மா?”

“மீட்டர் நல்லாத்தான் ஓடுது.”

அவன் ஸ்பேனரை எடுக்காமலே என்னைப் பார்த்தான். “அப்போ பெங்களூரு?”

“ஒரே ஒரு தரம் போனேன். சித்திரையில.”

“ஞாயித்துக்கெழம காலைல போறீங்களே. நானே பாத்துக்கீறேன். பொடவ கட்டிக்கினு.”

“சயனைடு மேட்டுக்குப் பின்னால நிறுத்திட்டு உக்காந்திருப்பேன். சாயந்திரமா வருவேன். மத்த நாள்ல ஸ்டேஷன் வரைக்கும் போயிட்டு வருவேன். அவ்ளோதான்.”

அவன் சிரித்திருந்தால் சண்டை போட்டிருப்பேன், சண்டை எனக்கு நன்றாக வரும். அவன் சிரிக்கவில்லை. ஏன் என்றும் கேட்கவில்லை. துணியில் கிடந்த போல்ட்டை எடுத்துத் துடைத்து, இருந்த இடத்திலேயே மாட்டி முறுக்கினான். வயர்களை ஒவ்வொன்றாகச் சொருகினான். நான் சேலை முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டும் பிரித்துக்கொண்டும் நின்றேன்.

பிறகு, இஞ்சினைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “இஞ்சினும் மூச்சு வுடும்மா. குளுருக்கு அந்த மூச்சு உள்ளயே தண்ணியா நிக்கும். வண்டி நல்லா ஓடி சூடாச்சின்னா அது ஆவியா போயிடும். நீங்க சூடு ஏர்றதுக்குள்ள நிறுத்திடறீங்க. அந்தத் தண்ணி எங்க போவும்? ஆயிலோட சேந்து மேல வந்து மூடில ஒட்டிக்கும். வண்டிக்கு ஒரு கேடும் இல்ல. ஓட்டாததுதான்.”

பிளக்குகளைத் தேய்த்துப் போட்டான். பழைய ஆயிலை இறக்கிப் புதிதாக ஊற்றினான். மூடியைத் துடைக்கத் துணியை எடுத்தவன், துடைக்காமல் அப்படியே திருகி வைத்தான். “ஒரு மணி நேரம் நிக்காம ஓட்டினா இந்த வெள்ள தானா போவுதான்னு பாத்துடலாம். போனா நான் சொன்னதுதான். ஸ்வல்ப இருங்க, நானும் வரேன். சத்தம் கேக்கணும்.” கொட்டகைக் கதவை இழுத்துச் சாத்தி, கையைக் கழுவிக்கொண்டு வந்து இடது பக்கம் உட்கார்ந்தான்.

அந்த சீட்டில் அதுவரை என் கைப்பையைத் தவிர யாரும் உட்கார்ந்ததில்லை. பெல்ட் எங்கே என்று அவன் தேட, அது சீட்டுக்கும் கதவுக்கும் நடுவில் சிக்கிக் கிடந்தது. பங்காருப்பேட்டை தாண்டும்வரை அவன் தலையைச் சாய்த்து இஞ்சினையே கேட்டுக்கொண்டு வந்தான். “மூணாவது கியர்லயே வெச்சி கொஞ்சம் மிதிங்க, கரி ஓடட்டும்” என்றான் ஒரு தரம். மிதித்தேன். வண்டி முதலில் திணறியது, பிறகு உதறல் நின்று ஒரே சீராகப் போயிற்று. பின்னால் புகை இல்லை.

கோலார் ரோட்டில் ஏறியதும் பேச ஆரம்பித்தேன். நான்தான் பேசினேன். ரயில் பெட்டியில் யார் எந்த இடத்தில் உட்காருவார்கள், யார் யாரோடு மூன்று வருஷம் பேசாமல் இருந்தாள், அவர்களைச் சேர்த்துவைக்க நான் பட்ட பாடு, எல்லாம் சொன்னேன். அவன் மனைவியும் இப்போது அந்த ரயிலில்தான் போகிறாளாம். எந்தப் பெட்டி என்று கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை. “இதுகூடத் தெரியாம என்னப்பா குடும்பம் நடத்தற?” என்று திட்டினேன். அவன் வாய்விட்டுச் சிரித்தான். ஒருவரைத் திட்டி எத்தனை நாளாயிற்று என்று நினைத்துக்கொண்டேன். தொண்டை வறண்டுவிட்டது, அவ்வளவு பேசியிருக்கிறேன். மகன் சொன்னதையும் சொன்னேன், படுக்கையறையில் உட்கார்ந்து சாப்பிட்டதையும் சொன்னேன். அவன் ம் கொட்டிக் கேட்டுக்கொண்டான்.

கோலார் வந்துவிட்டது. வேகம் காட்டும் வட்டத்துக்குப் பக்கத்தில் சூடு காட்டுவதற்கு ஒரு சின்ன முள் உண்டு. கீழேயே கிடக்கும் அந்த முள் நடுவில் வந்து நின்றிருந்தது. ஓரமாக நிறுத்தச் சொன்னான். இறங்கிப்போய் பானெட்டைத் தூக்கி, துணியை மடித்து மூடியைத் திருகினான். என்னையும் கூப்பிட்டுக் காட்டினான். வெள்ளை அநேகமாகப் போயிருந்தது. ஓரத்தில் ஒரு கோடு மட்டும் இருந்தது. நடுவில் பழுப்பாக, பளபளவென்று ஆயில்.

“நான் சொன்னேன்ல? இனிமே வாரத்துல ஒரு நாள் இத்தினி தூரம் போயிட்டு வந்தா போதும். எங்கயாவது” என்றான். மறுபடியும் ஏறி உட்கார்ந்தோம். நான் வண்டியை எடுத்தேன். “சூடு நல்லா ஏறிடுச்சிம்மா. முன்னால ரோட்டு நடுவுல அந்த எடவெளில ஊருக்குத் திருப்பிக்கலாம்.”

இடைவெளி வந்தது. நான் திருப்பவில்லை.

“இன்னும் சரியா சூடாகல போல இருக்கே தம்பி” என்றேன்.

முள் எங்கள் இருவர் கண்ணெதிரேயும் நடுவில் நின்றிருந்தது. அவன் அந்த முள்ளைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். பிறகு கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டுக்கொண்டு, பின்னால் சாய்ந்து உட்கார்ந்தான்.

“ஆமாம்மா. இன்னும் ஆவல” என்றான். “போங்க.”